திறப்பு யாரிடம்?

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

உங்கள் நீர்கொழும்பு மீன் தொழிற்சாலைக்காக நீ எழுதி அனுப்பிய பாதுகாப்புக் கைநூலின் வரைவு கிடைத்தது. தொலைபேசியில் எழுத்துகள் எனக்குத் தெளிவாகத் தெரியாததால் பிரதான வீதிக் கடையொன்றில் அச்செடுப்பித்து, 84 பக்கங்களையும் இரண்டு நாட்களாக முன் விறாந்தையில் இருந்து வாசித்து முடித்தேன். கச்சான் காற்று அடிக்கிற காலம் ஆகையால், தாள்கள் பறக்காதிருக்க என் பழைய ஸ்பனர் ஒன்றை மேலே வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டியிருந்தது. மாத முடிவுக்குள் நூறு பக்கத்தில் ஒரு கைநூல் வேண்டும், வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று உன் முகாமையாளர் நெருக்குவதாக எழுதியிருந்தாய். அந்த அவசரம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் இருபத்தாறு ஆண்டுகள் ஐஸ் பக்டரியில், குளிரூட்டப் பாவிக்கும் அமோனியாவோடு நின்றவன் என்ற முறையில் சில விடயங்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் 31 ஆம் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வாகனத் தரிப்பிடத்தில் பனி விழுந்தால் அதிகாலையில் உப்புத் தூவ வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. நீர்கொழும்பில் உப்புத் தூவ வேண்டிய அளவுக்குப் பனி எந்த மாதத்தில் விழும் என்று அம்மா கேட்டுச் சிரித்தா. எந்தக் குளிர் நாட்டுக் கம்பனியின் கைநூலிலிருந்து அந்தப் பக்கம் வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை; எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். என் கவலை வேறு. அந்த ஒரு பக்கத்தைப் பிறர் கண்டு சிரித்துவிடுவார்கள், நீயும் திருத்திவிடுவாய். எங்கும் பொருந்துவது போலத் தோன்றி, உன் தொழிற்சாலையில் மட்டும் பொருந்தாத மற்றப் பக்கங்களை யார் கண்டுபிடிப்பது?

உனக்கு முழுமையாகச் சொல்லாத ஒரு சம்பவத்தை இப்போது எழுதுகிறேன். 1997 ஆம் ஆண்டு, மாரி காலத்து ஓர் இரவு. நீ அப்போது சின்னப் பிள்ளை. நான் வேலை செய்த இடத்தில் இரவு வேலைக்கு மூன்று பேர் இருந்தோம். அமோனியாவை அழுத்தும் கொம்பிரசரிலிருந்து அதோடு சேர்ந்து போகும் எண்ணெய், திரவ அமோனியா சேரும் ரிசீவர் தாங்கியின் அடியில் தங்கும். அதைக் காலத்துக்குக் காலம் ஒரு சின்ன வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். ஐஸ் பக்டரியில் இதைப் போல் எளிமையாகத் தெரிகிற வேலையும் இல்லை, இதைப் போல் ஆபத்தான வேலையும் இல்லை. அன்றைக்கு எண்ணெய் இறுகிப்போய் வால்வை அடைத்திருந்தது. கிண்ணியாவிலிருந்து வந்து எனக்கு உதவியாக நின்ற பொடியன், எண்ணெய் வரவில்லை என்று வால்வை இன்னும் இரண்டு சுற்றுத் திறந்தான். அடைப்புச் சட்டென்று விட்டது. எண்ணெய்க்குப் பின்னால் திரவ அமோனியா பீறிட்டது. அமோனியா காற்றை விடப் பாரம் குறைந்தது, மேலே எழும்பிப் போய்விடும் என்று புத்தகங்களில் படித்திருப்பாய். குளிர்ந்த புகையாக வரும்போது அது முழங்கால் உயரத்தில் தரையோடு தவழ்ந்து வாசலை நோக்கி வருவதை நான் அன்று கண்டேன்.

முகமூடிகள் எங்களிடம் இருந்தன. அமோனியாவுக்குரிய பச்சை நிற வடிகட்டி பொருத்திய இரண்டு முகமூடிகள், கொம்பிரசர் அறைக்கு வெளியே ஓர் இரும்பு அலுமாரியில் இருந்தன. களவு போகக்கூடாது என்பதற்காக அலுமாரி பூட்டியிருந்தது. திறப்பு ஸ்டோர்கீப்பரிடம். அவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள் இருந்த அந்தக் காலத்தில் இரவில் ஆள் அனுப்பி அவரை அழைத்து வருவது நடக்காத காரியம். நான் சாரத்தை ஐஸ் கழற்றும் தொட்டியில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடி அவனை இழுத்து வந்தேன். அதை வீரம் என்று எவரும் சொன்னால் நம்பாதே. ஈரத் துணி முகமூடி ஆகாது. இன்னும் அரை நிமிடம் தாமதித்திருந்தால் இரண்டு பேராகக் கிடந்திருப்போம். மூன்றாமவர் வெளிப்பக்கத்துப் பிரதான வால்வை மூடினார். தொட்டித் தண்ணீரைக் குழாயால் பிடித்து அவனுடைய கண்களை விடாமல் கழுவிக்கொண்டிருந்தோம், குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்று பழைய ஃபோர்மன் ஒருவர் எப்போதோ சொன்னது நினைவிருந்தபடியால். ஒரு கண் தப்பியது. மற்றக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

பிறகு நடந்த விசாரணைதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். முகாமையாளர் ஒரு கைநூலை எடுத்து மேசையில் வைத்தார். ஆங்கிலத்தில் அழகாகத் தட்டச்சு செய்து உறை போட்ட புத்தகம். அமோனியாக் கசிவின்போது தகுந்த சுவாசப் பாதுகாப்புச் சாதனம் அணியப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. கடைசித் தாளில் அந்தப் பொடியன் தமிழில் வைத்த கையெழுத்தும் இருந்தது. தான் வாசிக்க முடியாத ஒன்றை வாசித்து விளங்கிக்கொண்டதாக அவன் ஒப்பமிட்டிருந்தான். அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் பிழையில்லை. அலுமாரித் திறப்பு இரவில் யாரிடம் இருக்கும் என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. அதை எழுதியவர் ஓர் இரவாவது எங்களோடு வந்து நின்றிருந்தால் அந்த வரி தானாக வந்திருக்கும்.

ஆகவே மகள், எழுதுவதை ஒரு கிழமைக்கு நிறுத்திவிட்டு நட. மீன் லொறி வந்து இறங்கும் இடத்திலிருந்து கழிவு நீர் வெளியேறும் இடம் வரை, ஒவ்வொரு வேலையையும் அந்த வேலையைச் செய்கிற ஆளோடு நின்று பார். பகல் வேலையை மட்டும் பார்த்தால் போதாது. இரவு இரண்டு மணிக்கும், ஞாயிற்றுக்கிழமையும், மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கி ஓடும்போதும் பார். இங்கே எப்படிக் காயம் வரும் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், ஏனென்றால் குற்றம் தங்கள் மேல் வரும் என்று பயப்படுவார்கள். புதிதாக வருகிற ஆளுக்கு முதல் நாளில் எதைச் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டுப் பார். அவர்கள் சொல்லத் தொடங்குவதை அப்படியே எழுதினால் உன் கைநூலின் பாதி வந்துவிடும்.

உன் வரைவில் கையுறை, சப்பாத்து, தலைக்கவசம், முகமூடி பற்றி 22 பக்கங்கள் இருக்கின்றன. எண்ணெய் வடிக்கும் வால்வைப் பற்றி அரைப் பக்கம். வரிசை தலைகீழாக இருக்கிறது. ஆபத்தை முழுவதும் நீக்க முடியுமா, ஆபத்துக் குறைந்த ஒன்றால் அதை மாற்ற முடியுமா, இயந்திரத்திலேயே தடுப்புப் போட முடியுமா என்று பார்த்த பிறகுதான் விதியும் பயிற்சியும் வர வேண்டும். உடலில் அணிவது எல்லாவற்றுக்கும் கடைசி. கையை எடுத்தவுடன் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு ஒன்று அன்றைக்கு அந்தக் குழாயில் இருந்திருந்தால், முகமூடியைப் பற்றிய கேள்வியே எழுந்திராது. கைநூல் எழுதுகிற உனக்கு அந்த வால்வை வாங்கும் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது வேண்டும் என்று கடிதத்தில் எழுதி, முகாமையாளரின் பதிலையும் எழுத்தில் வாங்கி வை. பொருள் வாங்க மனமில்லாத இடத்தில் விதிகள் நீளமாக வளரும் என்பதை நான் பல கந்தோர்களில் பார்த்துவிட்டேன்.

உன் வரைவில் எனக்கு உண்மையிலேயே பயம் தந்த இடம், கழிவு நீர்க் குழியைத் துப்பரவு செய்வது பற்றிய பகுதி. உள்ளே இறங்குபவர் கவனமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். மீன் கழிவு அழுகும் குழியில் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு உண்டாகும். அழுகிய முட்டை மணம் வந்துகொண்டிருக்கும் வரை ஓரளவு எச்சரிக்கை இருக்கிறது. வாயு செறிவடையும்போது மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது, உள்ளே நிற்கிறவன் வாயு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வான். சாதாரண காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம், அது 19.5 க்குக் கீழே இறங்கினால் எவரும் உள்ளே போகக்கூடாது. மூடிக்கிடந்த இரும்புத் தாங்கி எதுவும் கொட்டாமலே, துருப்பிடிப்பதால் மட்டுமே, உள்ளிருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடும். ஆகவே வாயு மானி வைத்து மேலும் நடுவும் அடியும் அளந்து, காற்று ஊதி, அனுமதிப் பத்திரத்தில் ஒப்பமிட்ட பிறகே ஒருவர் இறங்க வேண்டும் என்றும், வெளியே ஒருவர் அந்த இடத்தை விட்டு அசையாமல் நிற்க வேண்டும் என்றும் எழுது. அதற்குக் கீழே, பெரிய எழுத்தில், இன்னொன்று: விழுந்தவரைக் காப்பாற்ற எவரும் பின்னால் இறங்கக்கூடாது. இப்படிப்பட்ட குழிகளில் ஒருவர் விழ, அவரைத் தூக்கப் போன தம்பியும் மச்சானும் அடுத்தடுத்து விழுந்த செய்திகளை நீயும் பத்திரிகையில் வாசித்திருப்பாய். சாரம் நனைத்துக்கொண்டு ஓடிய நான் இதைச் சொல்வது உனக்கு வேடிக்கையாக இருக்கலாம். கயிறும் இடுப்புப் பட்டியும் குழி வாய்க்கு மேல் நிறுத்தும் முக்காலியும் இருந்தால் வெளியே நின்றே தூக்கலாம்.

குளிர் அறைக் கதவைப் பற்றி நீ எழுதியது சரி. உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும் பிடி உறைந்து போகாமல் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பவர் யார் என்பதை மட்டும் சேர்த்துவிடு.

சட்டப் பகுதியை நீ என்னை விட நன்றாக எழுதியிருக்கிறாய். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், உயிரிழப்பு ஏற்பட்டாலோ, காயப்பட்டவர் மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்து முழுச் சம்பளம் உழைக்க முடியாமற் போனாலோ, தொழில் திணைக்களத்தின் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பதை முன்பக்கத்துக்குக் கொண்டு வா. (யப்பான்காரன் ஏப்ரல் மாதத்தில் நமது துறைமுகத்தில் குண்டு போட்டதும் அதே 1942 இல்தான், எனக்கு அந்தச் சட்டத்தின் ஆண்டு மறக்காமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.) அந்த மூன்று நாட் கணக்கில் ஒரு தந்திரம் நடக்கும், கவனி. காயப்பட்டவனை மூன்றாம் நாள் கூப்பிட்டு ஒரு கதிரையில் இருத்தி, வேலைக்கு வந்தான் என்று பதிவேட்டில் போடுவார்கள். காயம் படாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும், ஆட்களை வழங்கும் நிறுவனங்கள் மூலம் நாட்கூலிக்கு வருகிறவர்களின் காயங்களையும் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும் என்று நீ விதி செய்தால் அந்தத் தந்திரத்துக்கு இடம் குறையும். நட்டஈடு கேட்டு, 1934 ஆம் ஆண்டு முதல் இருக்கிற வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி ஒருவர் பின்னர் விண்ணப்பிக்கும்போது அவருக்குக் கைகொடுப்பதும் அந்தப் பதிவேடுதான்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கொள்வனவாளருக்கு ஆங்கிலப் பிரதி போகட்டும். மீன் வெட்டும் மேசையில் நிற்கிற பெண்களுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் வேண்டும், அதுவும் மொழிபெயர்ப்புக் கந்தோர் நடையில் அல்ல. உரிய அதிகாரி, தகுந்த நடவடிக்கை, இயன்றளவு விரைவாக என்ற சொற்களைக் கண்ட இடமெல்லாம் நான் சிவப்புக் கோடு இட்டிருக்கிறேன். உரிய அதிகாரி என்பவர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன, அவர் வராத நாளில் யார்? எழுதிய பக்கத்தை அந்த வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்து, அதன்படியே ஒரு முறை செய்து காட்டச் சொல். அவர் எந்த வரியில் நின்று உன் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வரியைத் திருத்து. வேலைக்கார நண்பர்கள் பைப்பைக் குழாய் என்று சொல்வதில்லை என்றால் நீயும் பைப் என்றே எழுது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திருத்திய திகதி இருக்கட்டும். எங்களிடம் கொம்பிரசர் மாற்றி எட்டு ஆண்டுகளாகியும் புத்தகத்தில் பழைய கொம்பிரசரே ஓடிக்கொண்டிருந்தது.

சிவப்புக் கோடு இட்ட தாள்களையும், எண்ணெய் வடித்த நாட்களை நான் குறித்து வைத்த பழைய கொப்பியையும் நாளை இரவு பஸ்ஸில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து விடுகிறேன். கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் மூட்டுகளில் கசிவு பார்க்கும் முறையும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. அமோனியா இருந்தால் வெண்புகை எழும்பும். உன்னுடைய ஆட்கள் இப்போது மானி பாவிப்பார்கள், ஆனாலும் பார்த்து வை.

47 ஆம் பக்கத்தில், முகமூடிகள் பாதுகாப்பான இடத்தில் வைக்கப்பட்டிருக்கும் என்று எழுதியிருக்கிறாய். நாளைக்கு வேலைக்குப் போனதும் முதல் அலுவலாக அந்த இடத்துக்குப் போய், பூட்டு இருக்கிறதா, இருந்தால் இரவில் திறப்பு யாரிடம், வடிகட்டியில் அடித்திருக்கும் காலாவதித் திகதி என்ன என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா