பாப்பாவுக்கு, பிளேட் விஷயமாக

மன்னார்குடி,
ஐப்பசி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சம்பா நடவு முடிந்தது. மழை விடவில்லை. மழை பிடித்தாலே எனக்குத் தாத்தாவின் கிராமபோன் பிளேட்டுகள் மேல்தான் நினைப்பு.

கஜா புயலில் ஓடு பறந்தபோது நனைந்த உறைகளைத்தான் நீ அன்றைக்கே பிரித்து எடுத்தாயே, அந்தப் பெட்டியில் மறுபடி பூஞ்சை. எதிர்வீட்டுப் பையன் ஸ்பிரிட் பாட்டிலோடு வந்துவிட்டான். நல்லவேளை, நான் வீட்டில் இருந்தேன். அரக்கில் கல்பொடியும் கரியும் கலந்து அழுத்தியது இந்தப் பிளேட், ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், பாட்டு பதிந்த வரிப்பள்ளத்தோடு பாட்டும் போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன். டிஸ்டில்டு வாட்டரைத் துணியில் தொட்டு, வரியின் போக்கிலேயே துடைத்தேன். லேபிளில் ஈரம் படவிடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான். நீ சவுண்ட் இன்ஜினியரிங் எடுத்தபோது நம் சனம் பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை. இன்று பழைய ஒலிப்பதிவு என்று யார் கேட்டாலும் "என் மகளைக் கேளுங்கள்" என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் இப்போது வருவதில்லை. "சாப்பிட்டேன்பா" என்று மெசேஜ் வருகிறது. அது போதும் என்கிறாள் அம்மா. எனக்குப் போதவில்லை.

நாடகத்தில் பாடி நடித்த கிட்டப்பாவை நினைத்துப் பார். 1933-இல் போய்விட்டார், வயது 27. பேசும்படம் வந்து இரண்டு வருடம் ஆகியும் அவர் ஒரு படத்திலும் இல்லை. நாடக மேடையில் அவரைக் கேட்டவர்களும் போய்விட்டார்கள். அந்தக் குரல் இன்று இருக்கிறதென்றால் இந்த அரக்குத் தட்டுகளால்தான். நாகஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகமும் அப்படித்தான். மணிக்கணக்கில் வாசிப்பவரைப் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சத்தில் நிறுத்திவிட்டது பிளேட். அந்த மூன்று நிமிடத்துக்குள் அவர் என்ன செய்திருக்கிறார் என்று தாத்தா திரும்பத் திரும்பச் சொல்வார். திருவாவடுதுறையில் நேரில் கேட்டவர் அவர், சும்மா சொல்லமாட்டார்.

1902-இல் கல்கத்தாவில் பிளேட்டுக்காகப் பாடிய பாடகி கௌஹர் ஜான், பாடி முடித்ததும் தன் பெயரைத் தானே சொல்வார் என்றாய். பிளேட் அழுத்தியது ஜெர்மனியில். அங்கிருப்பவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் ஓர் ஆசை. நீ ஒன்றும் பேச வேண்டாம், போனில் "நான்தான்பா" என்று சொன்னால் போதும்.

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தாளாம். தனியாக வந்திருந்தாராம். இவ்வளவு தூரம் வந்தவருக்கு இங்கே எட்டிப் பார்க்க நேரம் இருந்திருக்காது, வேலை இருக்கும். நான் அத்தையிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

சரி, பிளேட் விஷயம். கடைத்தெருவில் ஒருவர் சாவி கொடுக்கிற பழைய கிராமபோன் மெஷின் வைத்திருக்கிறார், அதில் ஓட்டிப் பார்ப்போமா என்றார். நான் விடவில்லை. அந்த எஃகு ஊசியும் அதன் கனமும் ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும் வரியைத் தேய்க்கும். பின்னால் வந்த எல்பி ரெக்கார்டின் ஊசியும் ஆகாது. அதன் முனை 25 மைக்ரான், இதற்கு 75 மைக்ரான் அளவு வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தின் அடியில் தூசியில் புரளும். வேகத்தையும் நீதான் பார்த்து வைக்க வேண்டும். ரொம்பப் பழைய பிளேட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்றிலேயே சுற்றவேண்டும் என்று இல்லையே, ஆளுக்கு ஒரு வேகத்தில் பதிந்திருக்கிறார்கள். அதைத் தவறவிட்டால் பாடினவரின் சுருதிக் கட்டையே மாறிப்போகும். இதையெல்லாம் காது உள்ளவர் செய்ய வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை.

நகர்த்தும்போது இரண்டாய் உடைந்த பிளேட் ஒன்று இருக்கிறது. தூக்கிப் போடு என்றாள் அம்மா. நான் போடவில்லை. பசை வைத்து ஒட்டவும் இல்லை. உடைந்த பிளேட்டையும் ஊசி படாமல் படம் பிடித்தே ஒலியாக்கும் வழி அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது என்று சொன்னாயே. துண்டுகளை அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்திருக்கிறேன். உடைந்ததும் நம் வீட்டுப் பொருள்தான் பாப்பா, அதையும் நான்தான் பார்த்துக்கொள்வேன்.

மேல் அறையைக் காலி செய்து வெள்ளை அடித்தாயிற்று. ஈரம் இறங்காத அறை அது ஒன்றுதான். உன் மெஷினுக்கு மேசையும் புது ஒயரிங்கும் போட்டிருக்கிறேன். அலமாரியில் பாதிதான் பிளேட்டுக்கு, மீதி காலியாக இருக்கிறது. இது ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை. ஆறு மாதம் ஆனாலும் சரி, ஒரு வருடம் ஆனாலும் சரி, ஏன் இன்னும் இங்கே இருக்கிறாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் பிளேட் வேலை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் வீடு. அந்த 75 மைக்ரான் ஊசியை மறக்காமல் எடுத்து வா. டிக்கெட் போட்டதும் போன் செய், மெசேஜ் வேண்டாம். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

உன்
அப்பா