ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனப்பாரம் இறங்கியது. இங்கே மழை விட்டபாடில்லை. அச்சகத்தில் காகிதமெல்லாம் ஈரம் கோத்துக் கிடக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரே கணினியில் உனக்கும் உதவியாளருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு. உன் கணக்கில் ஓடும் நிரல் அவர் கணக்கில் திறந்திருக்கும் பில் மென்பொருளில் தானாகத் தட்டச்சு செய்ய வேண்டும் என்கிறாய். இதே ஆசையில் நான் மூன்று இரவு கண்விழித்தேன். விசைகளைத் தானாகத் தட்ட உதவும் ஆட்டோஹாட்கீ என்ற மென்பொருளில் எழுதிய ஆறு வரி நிரல் என் கணக்கில் அழகாக ஓடியது. பயனரை மாற்றியதும் ஓர் எழுத்துகூட விழவில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தபோது, ஒருவர் வெளியேறாமலே இன்னொருவர் உள்ளே வரும் வசதியும் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் என்று வைத்துக்கொள். நடுச்சுவரில் கதவு கிடையாது. திரை யாரிடம் இருக்கிறதோ விசைப்பலகையும் அவரிடம்தான். மற்றவருடைய நிரல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாலும் அதன் விசைத்தட்டல் இங்கே வந்து சேராது. ஒரே கணக்குக்குள்ளும் ஒரு தடை உண்டு: நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரத்துக்குச் சாதாரண நிரல் விசை அனுப்ப முடியாது. தடுத்ததாக ஒரு செய்தியும் வராது. என் இரண்டாவது இரவு அதிலேயே போயிற்று.

கடவுச்சொல்லை நிரலில் எழுதி, நுழைவுத் திரையிலேயே தட்ட வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து வேண்டாம். அந்தத் திரை தனியாகப் பூட்டிய அறை. சாதாரண நிரல் அங்கே எட்டாது. அதோடு, உன்னை நம்பி வேலை செய்பவரின் கடவுச்சொல் ஒரு கோப்பில் திறந்து கிடப்பது சரியல்ல.

சுவரைத் துளைக்காமல், அந்தப் பக்கமும் ஓர் ஆளை வை. உதவியாளரிடம் சொல்லிவிட்டு, நிரல்களைத் தானாகத் தொடங்கிவைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் அவர் கணக்கிலேயே ஒரு நிரல் தொடங்கும்படி அமை. இருவருக்கும் பொதுவான கோப்புறையில் உன் நிரல் ஓர் உரைக்கோப்பைப் போடட்டும். அவர் பக்கத்து நிரல் அதைப் படித்து, திரை அவரிடம் இருக்கும்போது மட்டும் தட்டட்டும், இல்லாவிட்டால் காத்திருக்கட்டும். கோப்பில் பெயரும் தொகையும் போதும். அதில் கட்டளை எதையும் எழுதி ஓடவிடாதே, பொது இடத்தில் யார் கை வேண்டுமானாலும் படும்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கே வரும் சிக்கல். விசைப்பலகை அமைப்பும் கணக்குக்குக் கணக்கு வேறு. அவர் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பை வைத்திருந்தால், நிரல் எச் விசையைத் தட்டும்போது ‘க’ விழும். ஜே தட்டினால் ‘ப’. விசையாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்பும் முறை ஆட்டோஹாட்கீயில் இருக்கிறது. அதைப் பயன்படுத்து.

இதையெல்லாம் தொடங்குமுன், அந்தப் பில் மென்பொருள் கோப்பிலிருந்து நேராகத் தரவை எடுத்துக்கொள்ளுமா என்று பார்த்து எழுது. எடுத்துக்கொள்ளும் என்றால் விசை தட்டும் வேலையே வேண்டாம். கோப்பை எந்த வடிவில் தருவது என்று நான் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்