பள்ளிக்கூட வாசலில் கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

என் மகன் இணையத்தில் பணம் கட்டி ஆடும் சூதாட்டத்தில் சிக்கியது நம் ஊருக்கே தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. என் மகன் பள்ளிக்குப் போகிறான், ராத்திரி தூங்குகிறான். அதற்குக் காரணமான உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் கடை அக்காவுக்கு. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பத்து, இருபது என்று கடன் கேட்பதைப் பார்த்தது அவர்தான். அந்தக் காசில் அவன் ஒரு தேன்மிட்டாய்கூட வாங்கித் தின்னவில்லை என்பதையும் கவனித்திருக்கிறார். வேறு யாராவது என்றால் வாசலிலேயே சத்தம் போட்டிருப்பார்கள். அக்கா மதிய நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு என் வீடு தேடி வந்தார். "பையன் திருடனில்ல கண்ணு, எதுலயோ மாட்டிக்கிட்டான். அடிச்சுப்போடாத" என்றார். சின்னப் பிள்ளைகளின் காசையெல்லாம் தன் கல்லாவிலிருந்தே கொடுத்துத் தீர்த்துவிட்டார். அதனால்தான் அவனால் கூசாமல் அந்த வாசலுக்குள் மறுபடி நுழைய முடிந்தது. நான் பணத்தை நீட்டியபோது வாங்கவில்லை. "வேலைக்குப் போயி அவனே குடுக்கட்டும்."

பிரேயரில் நிறுத்தி அவமானப்படுத்தாத தலைமையாசிரியர், விடுபட்ட பாடங்களைச் சொல்லிக் கொடுத்த வகுப்பாசிரியர், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் பொறுமையாகப் பேசிய டெலி மானஸ் ஆலோசகர், மருத்துவமனைக்குத் துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அண்ணன், எல்லோருக்கும் நன்றி. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று மேலும் மேலும் பணம் கட்டுவது இந்தச் சூதாட்ட நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று என்று அந்த ஆலோசகர் சொன்ன பிறகுதான் என் பிள்ளையின் முகம் எனக்குப் புரிந்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் எந்த நிறம் வரும் என்று பணம் கட்டி ஆடும் கலர் கேம் லிங்க் டெலிகிராமில் வந்துகொண்டுதான் இருக்கிறது. கஞ்சா என்றால் வாடை காட்டிக் கொடுக்கும். இதற்கு வாடை இல்லை. ஓயாத கடன், பொய், வகுப்பில் தூக்கம், காரணமில்லாத எரிச்சல், இவை மட்டுமே வெளியே தெரியும். பையைச் சோதித்தால் எதுவும் கிடைக்காது. பிள்ளையைப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை நான் எழுந்து பேசுவேன். ஒவ்வொரு வகுப்பிலும் 14416 எழுதி வைக்க வேண்டும். எதைக் கவனிப்பது என்று ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, கடை அக்காவுக்கும் சைக்கிள் ஸ்டாண்டு அண்ணனுக்கும் சொல்லித் தர வேண்டும். சிக்கிய பிள்ளைக்கு டி.சி. கொடுக்கக் கூடாது. இதைத் தீர்மானமாகவே கேட்கப் போகிறேன். என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட வரும் அம்மாக்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.