எந்தப் பிள்ளை?

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த நேரம் அது, நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரைக்கும் நடக்கிறாள். நேற்று நான் எழுவதற்குள் காபியே போட்டுவிட்டாள். உன் மகன் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டான் என்று படித்தபோது, ஹாஸ்டல் மொட்டைமாடியில் நாம் துணி காயப்போட்டுக்கொண்டே படித்த நாள்கள் எல்லாம் வந்து போயின.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆய்விதழுக்கு அனுப்பிய என் கட்டுரை திரும்பி வந்தது உண்மைதான், ஆனால் நிராகரிக்கவில்லை. மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) வகுத்த மேற்கோள் விதிகளின் ஏழாம் பதிப்பு முறைக்கு மாற்றி அனுப்பினால்தான் மதிப்பீட்டாளர்களிடம் போகும் என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார்கள். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. புறநானூற்றுக் கைம்மைப் பாடல்களோடு மூன்று வருஷம் கிடந்து எழுதியதைக் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்குமா திருப்புவது என்று தோன்றியது. ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்த வேலை, மூன்று வாரம் இழுத்தது.

பழைய இலக்கியங்களுக்குப் பக்க எண் வேண்டாம், பாட்டு எண்ணும் அடி எண்ணும் போதும் என்பது விதி. சரி, ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒத்துப் பார்ப்போம் என்று புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். கட்டுரையின் நெஞ்சுப் பகுதியே பெருங்கோப்பெண்டு பாடிய ‘பல்சான்றீரே பல்சான்றீரே’ தான். அது 246. நான் 264 என்று அடித்திருக்கிறேன். 264 நடுகல் பற்றிய பாட்டு. கணவனின் ஈமத்தீயின் முன்னால் நின்று சான்றோரைக் கேள்வி கேட்கும் ஒரு ராணியைத் தேடி வருகிற வாசகரை, பரல்கல் நிறைந்த மேட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன். ஐந்தாறு முறை படித்துத் திருத்திய கட்டுரை அது, மல்லிகா. எனக்கு மனப்பாடமான பாட்டு என்பதால்தான் எண்ணைப் பார்க்கவே தோன்றவில்லை.

அதன் பிறகு எதையும் நினைவை நம்பி விடவில்லை. அடுத்த தவறு இன்னும் மோசம். உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு முன்னுரையிலிருந்து ஒரு மேற்கோள் எடுத்து, 1894 என்று ஆண்டு போட்டுப் பக்க எண்ணும் கொடுத்திருந்தேன். 1894 முதல் பதிப்பின் ஆண்டு. பக்க எண்ணோ என் அலமாரியில் இருக்கும் மறுபதிப்பினுடையது. இரண்டும் ஒரே புத்தகத்தில் சேர்ந்து இருக்கவே முடியாது. முதல் பதிப்பை நான் கையில் தொட்டதுகூட இல்லை. இப்போது பட்டியலில் நான் பார்த்த பதிப்பின் ஆண்டு, கடைசியில் ‘முதல் வெளியீடு 1894’ என்ற குறிப்பு. கட்டுரைக்குள் இரண்டு ஆண்டும் சாய்கோடு போட்டு வரும். எதைப் பார்த்தேனோ அதைச் சொல்வதுதான் நேர்மை. இந்த விதியை நான் மனசார ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ள முடியாதது பெயர் விஷயம். துணைநூற்பட்டியல் தயாரிக்கும் ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருளைத்தான் நானும் வைத்திருக்கிறேன். நூலகப் பட்டியல்களிலிருந்து விவரத்தை இழுத்துக்கொள்ளும், பாணியை மாற்றச் சொன்னால் ஒரு நொடியில் மாற்றித்தரும். நல்ல கருவி. ஆனால் அதில் பெயருக்கு இரண்டு கட்டங்கள்: ஒன்று குடும்பப் பெயர், இன்னொன்று சொந்தப் பெயர். வையாபுரிப்பிள்ளையின் 1956 ஆங்கில நூலை இழுத்தபோது ‘பிள்ளை’ குடும்பப் பெயராகி, ‘வையாபுரி’ ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. கே.என். சிவராஜ பிள்ளையின் 1932 நூலுக்கும் அதே கதி. இரண்டு பிள்ளைகளைக் கண்டதும் வேறுபடுத்திக் காட்ட இனிஷியலைச் சேர்த்துக்கொண்டு, எஸ்.வி. பிள்ளை, கே.என்.எஸ். பிள்ளை என்று கட்டுரை முழுக்க நிரப்பிவிட்டது. எஸ்.வி. பிள்ளை என்று தமிழாய்வில் யாரைத் தெரியும் நமக்கு? அந்த ஆய்விதழ், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் ஒலிபெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையைத்தான் கேட்கிறது. ழ, ற, ன மூன்றுக்கும் கீழே கோடு, ள, ண, ட மூன்றுக்கும் கீழே புள்ளி என்று அத்தனை நுணுக்கம். அந்த அகராதியைப் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்தவரின் பெயரைச் சாதிப் பட்டமாக மட்டும் அச்சிட என் கை வரவில்லை. முதல் கட்டத்தில் ‘வையாபுரிப்பிள்ளை’ முழுவதையும், இரண்டாவதில் ‘எஸ்.’ மட்டும் கையால் அடித்தேன். எழுபத்திரண்டு நூல், கட்டுரைகளில் நாற்பதுக்கு மேல் இப்படித் திருத்த வேண்டியிருந்தது.

என் பெயருக்கே இது நடந்திருக்கிறது. நாலு வருஷம் முந்திய என் ஆங்கிலக் கட்டுரையை இரண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ‘முத்தையா, த.’ என்றுதான் இருக்கிறது. அப்பா கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். என்னைப் படிக்க வைக்க அவர் பட்ட பாடு உனக்குத் தெரியும். அவர் பெயர் அங்கே இருப்பதில் ஒரு பக்கம் சந்தோஷம்தான். ஆனால் செல்வி என்று ஒருத்தி இருந்து இதை எழுதினாள் என்பது பட்டியலில் இல்லாமல் போகிறது. கைம்மை பற்றி எழுதுகிற பெண் தகப்பன் பெயருக்குள் மறைந்துபோவதை எப்படி விடுவது? ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்க்கிட் என்ற பதினாறு இலக்க எண்ணை வாங்கிவிட்டேன். இனி எந்தக் கட்டுரை அனுப்பினாலும் என் பெயர் ‘தமிழ்ச்செல்வி, மு.’ என்று வர வேண்டும் என முகப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுவேன். நீயும் இப்போதே வாங்கிவிடு, தள்ளிப்போடாதே.

சின்னச் சின்ன விஷயங்கள்: பதிப்பக ஊர்ப்பெயர் ஏழாம் பதிப்பில் வேண்டியதில்லை. மூன்று ஆசிரியரோ அதற்கு மேலோ இருந்தால், கட்டுரைக்குள் முதல் தடவையிலிருந்தே முதல் பெயரோடு ‘மற்றும் பிறர்’ போட்டுவிடலாம். திருவள்ளுவர் ஆண்டு மட்டும் போட்டிருக்கும் நூல்களுக்கு 31 கழித்துக்கொள். பழைய நூல்களில்தான் சிக்கல். தலைப்புப் பக்கத்தில் ‘ஜய வருடம்’ என்று மட்டும் இருந்தால் 1894ஆ, 1954ஆ என்று அச்சையும் தாளையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருகிறதே.

அதில்தான் உன் உதவி வேண்டும். ஒரே ஒரு நூல் பாக்கி. என்னிடம் இருப்பது ஒளிநகல், அதில் தலைப்புப் பக்கமே இல்லை. நீ வேளச்சேரியில்தானே இருக்கிறாய், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பக்கம்தான். நூல் விவரத்தைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி அனுப்பு. ஆண்டு இல்லாவிட்டால் இல்லை என்றே எழுது, அதற்கும் ஒரு குறியீடு இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் கிடைத்தால் போதும்.

அம்மா உன்னைக் கேட்டாள். பொங்கலுக்கு வருவாயா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
செல்வி