டிரம்மர் பெயரையும் போடுங்கள்

பாட்டுச் செயலி நடத்தும் நிறுவனத்தாருக்கும், பழைய ஜாஸ் பதிவுகளை மறுவெளியீடு செய்யும் கம்பெனியாருக்கும்,

வணக்கம். எல்பி தட்டின் அட்டையைத் திருப்பினால் யார் பேஸ், யார் டிரம்ஸ் என்று பெரும்பாலும் அச்சாகியிருக்கும். செயலிக்கு வந்தபோது முன்னட்டை மட்டும் நகத்தளவு படமாக வந்தது. பின்னட்டை எங்கே என்று பலரும் கேட்டாயிற்று.

ஓர் ஆல்பத்தை மட்டும் பாருங்கள்: டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'செவன் ஸ்டெப்ஸ் டு ஹெவன்', 1963. மொத்தம் ஆறு பாட்டு. 1, 3, 5 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் பதிவானவை; டிரம்ஸ் ஃபிராங்க் பட்லர். 2, 4, 6 மே 14 அன்று நியூயார்க்கில். டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ், அப்போது வயது 17. இரண்டு ஊர், இரண்டு கை, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். செயலியில் ஆறுக்கும் மேலே தெரிவது மைல்ஸ் பெயர்தான். டிரம்ஸ் பழகும் பிள்ளை பட்லரின் வாசிப்பை வில்லியம்ஸுடையது என்று நினைத்துப் பாடம் பண்ணினால் அது பிள்ளையின் தப்பா?

ஆல்பத்தின் தலையில் மொத்தமாக ஒரு பெயரைப் போட்டாலும் சரிவராது என்பதற்கும் இதுவே சாட்சி. மைல்ஸின் 'பர்த் ஆஃப் த கூல்' பதிவுகளிலும் அப்படித்தான்: 1949 ஜனவரியிலும் 1950 மார்ச்சிலும் மேக்ஸ் ரோச், நடுவில் 1949 ஏப்ரலில் கென்னி கிளார்க். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துகொண்ட அடையாள எண் உண்டே, பெயரை அதனோடு சேருங்கள். சில செயலிகளில் 'கிரெடிட்ஸ்' இருக்கிறது. தட்டினால் பாட்டெழுதியவர், தயாரிப்பாளர் வருகிறார்கள், வாசித்தவர் இடம் பல சமயம் காலி.

டிரம்மரின் வாழ்க்கை பெரும்பாலும் அடுத்தவர் பெயரிலுள்ள தட்டுகளில்தான் கிடக்கிறது. கால அளவைக் காட்டும் வேலையை காலால் அடிக்கும் பாஸ் டிரம்மிலிருந்து குச்சியால் தட்டும் ரைடு சிம்பல் என்ற உலோகத் தட்டுக்கு மாற்றிய கிளார்க், 1955 வரை மாடர்ன் ஜாஸ் குவார்டெட் என்ற குழுவில் இருந்தார், 1956-ல் பாரிஸ் போனார். இதைத் தொடர்ந்து கேட்க வேண்டுமானால், அவர் பெயரைத் தட்டியதும் வாசித்ததெல்லாம் ஆண்டு வரிசையில் வரவேண்டும்.

காசும் இதில்தான் சிக்கியிருக்கிறது. பக்கவாத்தியக்காரருக்குப் பொதுவாக அன்றைய பதிவுக் கூலியோடு சரி, விற்பனையில் பங்கு இல்லை. அமெரிக்காவில் இணைய வானொலியும் செயற்கைக்கோள் வானொலியும் கட்டும் உரிமைத்தொகையில் மட்டும் ஒரு சிறு பங்கு உண்டு: நூறு டாலரில் 50 பதிவின் உரிமையாளருக்கு, 45 முதன்மைக் கலைஞருக்கு, இரண்டரை பின்னணிப் பாடகர்களுக்கு, மிச்சம் இரண்டரை வாத்தியக்காரர் அத்தனை பேருக்கும். 1972-க்கு முந்தைய பதிவுகளுக்கும் 2018-ல் சட்டம் வழி திறந்தது. ஆனால் வாசித்தவர் யாரென்று எங்கும் எழுதாவிட்டால் அந்தப் பணத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

'மழைநாள் காபி ஜாஸ்' என்று பட்டியல் போட உங்களிடம் இயந்திரம் இருக்கிறது. காபிக்கடைக்காரர்கூடக் கொட்டை எந்தத் தோட்டத்தது என்று எழுதி மாட்டுகிறார்! சரி, கோபம் இருக்கட்டும்.

தயவுசெய்து, பதிவு வாரியாக, டிரம்மர் பெயரைப் போடுங்கள். அந்த ஆறு பாட்டிலாவது தொடங்குங்கள்: மூன்றுக்கு பட்லர், மூன்றுக்கு வில்லியம்ஸ்.

இப்படிக்கு,
டிரம்ஸைக் காதுகொடுத்துக் கேட்கும் சிலர்