ஸ்ட்ராபெர்ரி நாற்று வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் நட்டால்தான் தை, மாசியில் பழம் பார்க்கலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிரே துணை நிற்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி டவுனில் மாடியில் வைப்பவர்கள் மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். காலை வெயிலை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.

இலைக்காம்புகள் ஒன்றுசேரும் தடித்த இடம்தான் குருத்து. அது மண் மட்டத்தில் நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும், தூக்கி நின்றால் வேர் காயும். முதல் தண்ணீருக்கு மண் அமுங்கும். அப்போது மறுபடி பார்த்துச் சரிசெய்யுங்கள். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1 பங்கு போதும். கோகோபீட்டில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுக் கலக்குங்கள். செடிக்குச் செடி 1 அடி விடுங்கள்.

நம் மாவட்டங்களில் செடி கெடுவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். ஸ்ட்ராபெர்ரி உப்பைத் தாங்காது. இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. இலையோரம் பழுப்பாகக் கருகினால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் ஊற்றுகிறார்கள், உப்பு மேலும் சேர்கிறது. மழைநீரை டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் மூடி வையுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீர் வேண்டவே வேண்டாம். அதில் உப்பு இன்னும் அதிகம்.

பூ விட்டதும் செடியைச் சுற்றி வைக்கோல் பரப்புங்கள். பழம் ஈர மண்ணில் படுத்தால் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். பிடித்த பழத்தை அன்றே கிள்ளி அப்புறப்படுத்துங்கள். பறவை வலையைப் பூக்கும்போதே இறுக மூடினால் தேனீ வராது, பழம் கோணல்மாணலாகும். காய் பிடித்த பிறகு மூடுங்கள். அணில் நைலானைக் கடித்துவிடும், அதற்கு அரை அங்குலக் கம்பி வலைதான் சரி. இலையடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே வெளிர் புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப்பேன். அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பிறகு 1 லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடியுங்கள்.

பறித்த பிறகு இது பழுக்காது. காம்போரம் வரை சிவந்ததும் காம்போடு கிள்ளுங்கள்.

இலை கருகினால் ஓர் இலையும், ஊற்றும் தண்ணீர் ஒரு பாட்டிலும் கடைக்குக் கொண்டுவாருங்கள். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) பார்த்துச் சொல்கிறோம், இதற்குக் காசு இல்லை.