மண்டபத்தோடு ரயில் நின்ற நாட்களில் கைகொடுத்தவர்களுக்கு

அம்மா இனி மதுரைக்கு வரவேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட இந்த நன்றியை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. எங்கள் தீவுக்குள் ஓடும் தண்டவாளம் பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் வரை பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். தனுஷ்கோடிப் பக்கம் போன பாதை 1964 டிசம்பர் புயலில் போனது போனதுதான். மிச்சமிருக்கிற இந்தத் துண்டைக் கரையோடு சேர்த்துவந்தது கடல்மேல் இரண்டு கிலோமீட்டர்ப் பாலம், அது 1914இல் திறந்தது, வயதாகித் தளர்ந்துபோய் 2022 டிசம்பரில் அதன்மேல் ரயிலை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து வண்டிகள் கரைப்பக்கமுள்ள மண்டபம் ஸ்டேஷனோடு, சிலது ராமநாதபுரத்தோடு சரி. பஸ்ஸிலேயே மதுரை போயிருக்கலாமே என்பீர்கள். இடுப்பில் ஆபரேஷன் செய்த வயதான பெண்ணை அத்தனை தூரம் பஸ் சீட்டில் உட்காரவைத்துப் பாருங்கள், தெரியும். ரயிலில் காலை நீட்டலாம், கழிப்பறை இருக்கிறது.

பாம்பன் ஆட்டோ அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. விடியுமுன்னே வாசலில் வந்து ஹாரன் அடிக்காமல் நிற்பார், ரோட்டுப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி குதிக்கும் என்று அந்த இடம் வந்தால் உருட்டிக்கொண்டுதான் போவார். திரும்பி வரும்போது ராத்திரி ஆகிவிடும். "வண்டி உச்சிப்புளி தாண்டிருச்சா தம்பி?" என்று போன் வரும், தாண்டியதும் கிளம்பி மண்டபத்துக்கு வந்துவிடுவார். ரயில் தாமதமான நாட்களில் எத்தனை நேரம் நின்றாரோ, காத்திருந்ததற்கென்று ஒரு ரூபாய் கூட வாங்கியதில்லை. கூட வைத்துக்கொடுத்தால் அம்மா பையிலேயே திரும்பப் போட்டுவிடுவார்.

மண்டபத்து டீக்கடை அக்கா, உங்கள் கடையில் நாங்கள் குடித்ததைவிட உட்கார்ந்ததுதான் அதிகம். அம்மாவைப் பார்த்ததும் நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே தூக்கி வெளியே போட்டு, மாத்திரைக்கு வெந்நீர் ஆற்றிக் கொடுப்பீர்கள். ஒருநாள் பெட்டிக்குள் ஏற்ற முடியாமல் நான் திணறியபோது, மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைத் தாங்கி ஏற்றிய இரண்டு பெண்கள் யாரென்றே தெரியாது. அவர்களுக்கும்.

அப்புறம் புதுப் பாலத்தில் வேலை பார்த்தவர்கள். போகும்போதெல்லாம் ஆட்டோவிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டே போவோம். கப்பல் போக நடுவில் தூக்குகிற அந்தப் பெரிய இரும்புக்கூட்டை, 72.5 மீட்டர் நீளம், கரைப்பக்கம் பூட்டி 2024இல் மாதக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாக நகர்த்திக் கொண்டுபோனீர்கள். அம்மாவுக்கு அது நகரவே இல்லை என்றுதான் எண்ணம். "புயலுக்கப்புறம் ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாள்ல சரிபண்ணாருடா, இவங்களுக்கு என்ன" என்பார். அது விழுந்த பாலத்தைத் திரும்ப நிறுத்தியது, இது புதிதாகக் கட்டுவது, கடலும் காற்றும் சும்மா விடுமா என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவர் சார்பில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறந்தபிறகு பாம்பனிலேயே ஏறினோம். பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும், ஜன்னல் வழியாகத் தண்ணீரில் போகிற வள்ளங்களை நிதானமாக எண்ணலாம். இப்போது சட்டென்று கடந்துவிடுகிறது, அம்மாவுக்கு அதிலும் ஒரு குறை. எனக்கு வேகம்தான் பிடித்திருக்கிறது.

ஆட்டோ அண்ணன் பேரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன், இதைப் படிக்க வழியில்லை. பாம்பன் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஸ்டேஷன் பக்கத்திலேயே வந்துவிட்டாலும் அம்மா வேறு ஆட்டோவில் ஏற மாட்டார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.